பனிக்கட்டியும் படிக்கட்டும்

டிசம்பர் பிறந்தால் உலகின் இரண்டு குளிர் மூலைகளில் ஆள்நடமாட்டம் பெருகிவிடும். தென்துருவத்துக்கு அது கோடைகாலம். ஆர்ஜென்டீனாவின் உஷுவாயா துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல்கள் டிரேக் நீரிணையை இரண்டு நாளில் கடந்து அந்தார்ட்டிக்கத் தீபகற்பத்தைத் தொடும். நவம்பரில் தொடங்கும் அந்தப் போக்குவரத்து மார்ச்சோடு ஓய்ந்துவிடும். எங்கள் பக்கம், இலங்கை மலையகத்தில், உந்துவப் பௌர்ணமியோடு சிவனொளிபாத மலைப் பருவகாலம் ஆரம்பமாகும். ஹட்டனில் ரயில் இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு இ.போ.ச. பஸ்களும், கொழும்பிலிருந்து நேரே வந்த வேன்களும் டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா என்று நல்லதண்ணிக்கு ஓடும். ராத்திரி பகல் என்ற கணக்கில்லை. மே மாத வெசாக் வரை இதே கதிதான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சிலருக்குப் பொருந்தாத வேலையாகத் தோன்றலாம். ஒன்று, பூர்வகுடிகளே இல்லாத கண்டம். மற்றது, பௌத்தர் புத்தரின் பாதமென்றும் சைவர் சிவனின் பாதமென்றும் முஸ்லிம்களும் கிறிஸ்தவரும் ஆதமின் பாதமென்றும் நூற்றாண்டுகளாகப் போற்றிவரும் 2,243 மீற்றர் மலை. 1344இல் இபன் பதூதா ஏறிய மலை. ஆனால் சூழலைப் பொறுத்தவரை இரண்டின் நிலைமையும் ஒன்று. இரண்டுமே எட்டாத இடங்கள். வருகிறவர் கால் வைக்கக்கூடிய இடம் இரண்டிலும் மிகக் குறுகியது. வேறெங்கும் இல்லாத உயிர்கள் இரண்டிலும் உண்டு. ஆண்டின் ஒரு பாதியில் கூட்டம், மறுபாதியில் ஓய்வு. வருகிறவர்கள் எல்லாரும் அந்த இடத்தின் மேல் ஆசை வைத்து, கஷ்டப்பட்டு, பணம் சேர்த்து வருகிறவர்கள். கெடுக்க வேண்டுமென்று யாரும் வருவதில்லை. அப்படியிருந்தும் இரண்டும் கெடுகின்றன. கெடும் விதம் மட்டும் வேறு வேறாக இருக்கிறது.

முதலில் பனிக்கண்டம். 1959 டிசம்பர் 1ஆம் திகதி பன்னிரண்டு நாடுகள் கையெழுத்திட்ட அந்தார்ட்டிக்க உடன்படிக்கை ஆராய்ச்சியை மனதில் வைத்து எழுதப்பட்டது. அப்போது அங்கே சுற்றுலா என்று சொல்லும்படி எதுவும் இல்லை. 1966இல் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர் பயணிகளைக் கூட்டிக்கொண்டு போனதிலிருந்துதான் இன்றைய முறையிலான துருவச் சுற்றுலா வளர்ந்தது. 1991இல் இரண்டு காரியங்கள் நடந்தன. மாட்ரிட் நகரில் சூழல் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டில் ஏழு கப்பல் நிறுவனங்கள் கூடி, தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொள்ள ஒரு சங்கம் அமைத்தன.

இவற்றின் வழி வந்த விதிகளில் சில என்னை வியக்க வைக்கின்றன. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையிறங்கக் கூடாது. ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து ஒருவரும் இறங்கவே கூடாது. இருபது பேருக்கு ஒரு வழிகாட்டி. பெங்குவினிடமிருந்து ஐந்து மீற்றர் விலகி நிற்க வேண்டும். அது தானாக நடந்து வந்தால் நாம்தான் வழிவிட வேண்டும். கரையில் சாப்பிடக் கூடாது, சிறுநீர் கழிக்கக் கூடாது. கப்பலை விட்டு இறங்குமுன் எல்லாரும் மேல்தளத்தில் உட்கார்ந்து, சப்பாத்தின் அடியில் இருக்கும் மண்ணைக் குச்சியால் சுரண்டி எடுக்கிறார்கள். மேலங்கியின் ஒட்டுப்பட்டையில் சிக்கிய புல்விதையைச் சாவணத்தால் பிடுங்குகிறார்கள். பைகளின் மடிப்புகளைத் தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் சுத்தம் செய்கிறார்கள். பிறகு சப்பாத்தைக் கிருமிநாசினித் தொட்டியில் முக்கிய பின்னரே ரப்பர் படகில் ஏறலாம். இத்தனைக்கும் காரணம் உண்டு. 2007-08 பருவத்தில் அங்கே போனவர்களின் உடைகளையும் பைகளையும் ஆராய்ந்தபோது, விதை ஒட்டியிருந்தவர்களிடம் சராசரியாக ஆளுக்கு ஒன்பதுக்கு மேற்பட்ட விதைகள் அகப்பட்டன. ஒரு விதை முளைத்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த கதை. எங்கள் முற்றத்தில் முளைப்பது போன்ற ஒரு சாதாரணப் புல், போலந்து ஆய்வு நிலையத்துக்குப் பக்கத்தில் 1980களில் வேர்விட்டது. அதைப் பிடுங்கி ஒழிக்க இன்னும் பாடுபடுகிறார்கள்.

இந்த விதிகளுக்குப் பலன் இருக்கிறதா? இருக்கிறது. போர்ட் லொக்ரோய் என்ற இடத்தில் பழைய பிரித்தானிய நிலையம் ஒன்று தபாலகமாகவும் அருங்காட்சியகமாகவும் நடக்கிறது. ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கானோர் இறங்கும் சின்னத் தீவு அது. தீவின் ஒரு பகுதியை ஆட்கள் போகவிடாமல் மூடி, அங்குள்ள பெங்குவின்களையும் ஆட்கள் போகும் பகுதியிலுள்ள பெங்குவின்களையும் 1996 முதல் எண்ணி ஒப்பிட்டு வருகிறார்கள். பார்வையாளரால் பெரிய வேறுபாடு வந்துவிடவில்லை. ஒழுங்காக நடந்தால் கால்தடம் தாங்கக்கூடியதே என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சப்பாத்தைக் கழுவுகிற அதே கப்பலின் புகைபோக்கியைக் கழுவ முடியாது. அந்தார்ட்டிக்கா போய்வரும் பயணி ஒருவரின் கணக்கில் ஐந்து தொன்னுக்கு மேல் கரியமில வாயு சேர்கிறது என்று 2011இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஓர் இலங்கையர் ஓர் ஆண்டு முழுவதும் விடுவது சுமார் ஒரு தொன். கப்பலும் விமானமும் கக்கும் கரித்தூள் பனியின் மேல் படிந்து அதைக் கறுப்பாக்கும். கறுத்த பனி வெயிலை உறிஞ்சி சீக்கிரம் உருகும். 2022இல் வந்த இன்னோர் ஆய்வு, அப்படி ஒரு பயணியின் பொருட்டு ஏறத்தாழ 83 தொன் பனி முந்தி உருகுகிறது என்றது. எண்ணிக்கைக்கோ கட்டுப்பாடே இல்லை. ஒரு நேரத்துக்கு நூறு பேர் என்ற விதி உண்டே தவிர, ஒரு பருவத்துக்கு இத்தனை பேர் என்ற உச்சவரம்பு கிடையாது. 1990களின் தொடக்கத்தில் சில ஆயிரமாக இருந்த பயணிகள் 2022-23 பருவத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். விதியைத் தனித்தனி ஆட்கள் மதிக்கிறார்கள். மொத்தத் தொகை அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

எங்கள் மலையின் கணக்கு இதற்கு நேர் தலைகீழ்.

கொழும்பிலிருந்தோ குருநாகலிலிருந்தோ ரயிலில் வந்து, ஹட்டனில் பஸ் பிடித்து, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளைத் தன் கால்களால் ஏறிப் போகும் யாத்திரிகர் வானத்துக்கு விடும் புகை ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். உலகில் நடக்கும் பயணங்களில் இவ்வளவு குறைந்த எரிபொருளில், இவ்வளவு பேருக்கு மனநிறைவு தருவது வேறு எது இருக்கும்? இந்த விஷயத்தில் கிழவிகளும் கைக்குழந்தைகளுமாய் ஏறும் எங்கள் ஜனத்திடம் துருவக் கப்பல்காரர்கள் பாடம் படிக்க வேண்டும். மலைக்கு வந்த சேதம் வானத்தில் இல்லை. அது படியோரத்துப் பற்றைகளுக்குள்ளும் ஓடைகளுக்குள்ளும் கிடக்கிறது.

விடிந்த பிறகு இறங்கி வருகிறவர்கள் பக்கத்துப் பற்றைகளைக் கொஞ்சம் விலக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட் உறை, ஜெலிக் கோப்பை. உச்சிக்குக் கிட்டே வந்தால் மெல்லிய பொலித்தீன் மழைக்கோட்டுகள். உச்சியில் சூரியன் எழும்பியதும் அவற்றின் தேவை தீர்ந்துவிடுகிறது. கிழிந்து ஈரமாய் இருப்பதை மடித்துப் பையில் வைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. வழியிலுள்ள சீத கங்குல ஓடையில் குளித்து, தூய்மையாகித்தான் மேலே போக வேண்டும் என்பது பழைய முறை. அங்கே தண்ணீரோடு சவர்க்கார நுரையும் போகும். சின்ன ஷாம்பு பைக்கட்டுகளை அரசாங்கம் 2021இல் தடை செய்தது. அதற்கு முன்னர் வந்து விழுந்தவை கல்லிடுக்கில் இன்னும் மட்காமல் இருக்கும். இந்திகட்டுபானவில் நூல் கட்டும் வழக்கம் இருக்கிறது. புத்தர் சீவர ஆடையைத் தைத்த இடம் என்ற ஐதீகத்தால், யாத்திரிகர்கள் நூலை அவிழ்த்து விட்டுக்கொண்டே ஏறுவார்கள். வழிநெடுகப் பற்றைகளிலும் கைபிடிகளிலும் வெள்ளை நூல் சிக்குச் சிக்காய்த் தொங்கும். பருத்தி நூல் என்றால் இரண்டு மழைக்காலத்தில் மக்கிப் போகும். கடையில் கிடைக்கும் நூல் எல்லாம் பருத்தி அல்ல. செயற்கை நூல் மக்காது. சிறு பறவையின் காலில் சுற்றினால் கழலாது.

கண்ணுக்குப் படாதது இன்னொன்று. ஒரே இரவில் ஆயிரமாயிரம் பேர் ஏறும் வழியில் மலசலகூடங்கள் போதாது. போதாதபோது மக்கள் இருட்டுக்குள் ஒதுங்குவார்கள். மலையில் பெய்வது எல்லாம் கீழே வந்துதான் ஆக வேண்டும். மஸ்கெலி ஓயா மவுசாகலை நீர்த்தேக்கத்தில் விழுகிறது. நோர்வூட்டுப் பக்கத்துக் கெசல்கமுவ ஓயா காசல்ரீயில் விழுகிறது. இரண்டும் கீழே சேர்ந்து களனி கங்கையாகி, அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பின் குழாய்களுக்குப் போகின்றன. கொழும்பிலிருந்து வந்தவர் மலையில் விட்டுவிட்டுப் போனது அவர் வீட்டுக் குழாயை நோக்கித்தான் புறப்படுகிறது. அவருக்காவது நடுவில் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. தோட்ட லயத்துப் பீலியில் குடம் பிடிக்கும் பெண்ணுக்கும் மலைக்கும் நடுவில் எதுவும் இல்லை.

ஓடைகளின் அழுக்கு முழுவதையும் யாத்திரிகர் தலையில் கட்டுவது நியாயமாகாது. தேயிலைக்கு அடிக்கும் களைநாசினியும் உரமும் இதே தண்ணீரில்தான் சேர்கின்றன. லயங்களின் கழிவுநீரும் அப்படியே. இன்னும் பின்னால் போனால், 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் இந்தக் காடு வெட்டப்பட்டதுதான் பெரிய சேதம். வெட்டச் சொன்னது துரைமார். வெட்டிய கை எங்கள் முன்னோருடையது. இன்று மிஞ்சியிருக்கும் காடு தேயிலை முடியும் வேலியில் தொடங்குகிறது. அந்த வேலியோரத்தில்தான் 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அபூர்வமான கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டி, சில நாட்களில் செத்தது. அது சுற்றுலாவின் குற்றம் அன்று. ஆனால் எத்தனை அருமையான உயிர் எத்தனை சிறிய இடத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது என்பதை அன்று நாடே பார்த்தது. அந்தச் சிறிய இடத்தின் நடுவே, விடிய விடிய விளக்கெரியும் ஒரு பாதை போகிறது.

சட்டம் இங்கும் இருக்கிறது. மலையைச் சுற்றியுள்ள காடு 1940இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் காடுகளோடு சேர்த்து யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக்கியது. சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பூங்காவுக்குள் போக டிக்கெட் வாங்க வேண்டும். வாசலில் ஓர் அதிகாரி நிற்பார். சரணாலயத்துக்கு வாசலே இல்லை. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. அங்கே ஃபார் இன் நுழைவாயிலில் பைகளைத் திறக்கச் சொல்லி, பொலித்தீனை எடுத்துவிட்டு, தின்பண்டங்களைக் கடதாசியில் மாற்றித் தருகிறார்கள். தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரித்துவிடுகிறார்கள். கப்பல் மேல்தளத்தில் சாவணத்தோடு நடக்கும் அதே வேலை, எங்கள் நாட்டு அரச ஊழியர்களின் கையால், எங்கள் மாவட்டத்திலேயே நடக்கிறது. ஆகவே "நம்ம ஜனத்துக்கு இதெல்லாம் சரிவராது" என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. அதே ஜனம் அங்கே பையைத் திறந்து காட்டிவிட்டு அமைதியாக நடந்து போகிறது.

அப்படியானால் நல்லதண்ணியில் ஏன் முடியவில்லை? யாரைக் கேட்பது என்பதிலேயே சிக்கல் தொடங்குகிறது. அந்தார்ட்டிக்காவுக்குச் சொந்தக்காரர் இல்லை. உடன்படிக்கையில் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் உண்டு; அவற்றில் முடிவெடுக்கும் உரிமையுள்ள 29 நாடுகளும் கூடிப் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். வடதுருவத்துப் பக்கம் ஸ்வால்பார்டுக்கு நோர்வே என்ற ஒரே சொந்தக்காரர் இருப்பதால், பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் இருநூறு பயணிகளுக்கு மேற்பட்ட கப்பல் வரக் கூடாது என்று 2025 முதல் சட்டமாகவே போட முடிந்தது. எங்கள் மலைக்கோ சொந்தக்காரர்கள் பலர். காடு வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. பாதம் இருக்கும் உச்சி விகாராதிபதியின் பொறுப்பு. உச்சி இரத்தினபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. நாங்கள் ஏறும் படிக்கட்டு நுவரெலியா மாவட்டத்தில் தொடங்குகிறது. பாதுகாப்பு பொலிஸ் கையில், விளக்கு மின்சார சபை கையில், அடிவாரத்து நிலம் தோட்டக் கம்பனிகள் கையில். குப்பை மட்டும் பிரதேச சபையின் தலையில்.

அந்தச் சபையின் வயதையும் சொல்ல வேண்டும். 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்பு அம்பகமுவ என்ற ஒரே சபைதான் இந்தப் பிரதேசம் முழுவதற்கும் இருந்தது. அதைப் பிரித்துத்தான் நோர்வூட், மஸ்கெலியா சபைகள் உருவாகின. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், சபையின் பணம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவாவதற்குத் தடையாகவே இருந்து, அதே 2018இல்தான் திருத்தப்பட்டது. லயத்துக் குப்பையை அள்ள சட்டத்தில் இடம் கிடைத்தே சில ஆண்டுகள்தான் ஆகின்றன. இப்படிப்பட்ட சபைதான், நாடு முழுவதிலுமிருந்து ஆறு மாதம் வந்து குவியும் லட்சக்கணக்கானோரின் குப்பையையும் சுமக்க வேண்டியிருக்கிறது. கிடைக்கும் வரியும் அதற்கேற்ற அளவுதான்.

ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது. பனிக்கண்டத்தில் கூட்டிப்போன நிறுவனம்தான் பொறுப்பு. விதியை மீறினால் அதன் பெயர் கெடும், அடுத்த பருவத்து வியாபாரம் கெடும். பயணி தன் சப்பாத்தைத் தானே கழுவுகிறார். இங்கே சுத்தம் செய்வது வந்தவர் வேலை அல்ல. அவர் போன பிறகு சம்பளத்துக்கோ புண்ணியத்துக்கோ குனிந்து பொறுக்கும் இன்னொருவர் வேலை. பல வேளைகளில் அந்த இன்னொருவர் இந்தத் தோட்டங்களின் பிள்ளை. பருவம் முடியும்போது பாடசாலைப் பிள்ளைகளும் தொண்டர் அணிகளும் சாக்கோடு ஏறி மூட்டை மூட்டையாய் இறக்குகிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் அந்த மூட்டைகளின் படம் பத்திரிகையில் வந்ததும், பிரச்சினை தீர்ந்துவிட்டதாக எல்லாருக்கும் ஒரு நினைப்பு வந்துவிடுகிறது.

இங்கே உள்ள, அங்கே இல்லாத ஒன்றும் உண்டு. பெங்குவின்கள் கூட்டத்தில் எழுந்து பேசாது. அவற்றுக்காக வேறு யாராவது பேச வேண்டும். 2024 மே மாதம் கொச்சியில் அந்தார்ட்டிக்க உடன்படிக்கை நாடுகளின் 46ஆவது ஆலோசனைக் கூட்டம் நடந்தது. துருவச் சுற்றுலாவுக்கென முழுமையான ஒழுங்குமுறை ஒன்றை எழுத அங்கேதான் தனிக்குழு அமர்ந்தது. நமக்கு அக்கரையில், கேரளத்துக் கரையில், பல்லாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள பனிக்காக உலகம் கூடிப் பேசியது. இங்கே மலையடியில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் மக்களுக்கு வாய் இருக்கிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் மாவட்டச் செயலகங்களில் ஆயத்தக் கூட்டம் நடக்கும். பஸ் எத்தனை, பொலிஸ் எத்தனை, விளக்கு எப்போது என்று பேசுவார்கள். பீலித் தண்ணீர் குடிப்பவர் ஒருவரை அந்த மேசைக்கு அழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மலையின் ஓய்வும் இப்போது குறைகிறது. துருவத்தில் கப்பல் போகாத மாதங்களை இருளும் உறைபனியும் காவல் காக்கின்றன. யாரும் சட்டம் போட வேண்டியதில்லை. எங்களுக்கு அந்த வேலையை வழக்கமும் தென்மேல் பருவமழையும் செய்துவந்தன. வெசாக்கோடு தெய்வச் சிலைகள் கீழே இறங்கும், விளக்கு அணையும், கடைகள் பிரியும், மழை வந்து படிகளைக் கழுவும். அந்த ஆறேழு மாதத்தில்தான் காடு மூச்சுவிட்டது. இப்போது சூரிய உதயம் பார்க்க வரும் வெளிநாட்டவர் மழைக்காலத்திலும் நடுச்சாமத்தில் கைபேசி வெளிச்சத்தில் ஏறுகிறார்கள். எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் எந்த இடத்திலும் ஓய்வு ஒரேயடியாகப் பறிபோவதில்லை, இப்படித்தான் ஆரம்பிக்கும். யாத்திரைக்குக் கணக்குப் போட்டு ஆளைத் தடுப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். நேர்த்திக்கடனோடு வந்த கிழவியிடம் "இன்றைய எண்ணிக்கை முடிந்தது" என்று எந்த அதிகாரி சொல்வார், எந்த மனம் சொல்லவிடும்? ஓய்வுக் காலத்தை ஓய்வாகவே வைக்கலாம். அதனால் எந்த நேர்த்திக்கடனும் தடைப்படாது.

செய்யக்கூடியவை சின்ன வேலைகள். நல்லதண்ணியில் படி தொடங்கும் இடத்தில் ஹோட்டன் சமவெளியில் செய்வதுபோல் பை பார்க்கும் மேசைகளைப் போட வேண்டும். மேலே கொண்டு போகும் ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு வைப்புப் பணம் வாங்கி, இறங்கி வந்து போத்தலைக் காட்டினால் திருப்பித் தர வேண்டும். இந்திகட்டுபானவுக்குப் பருத்தி நூல் மட்டும் போகட்டும். விற்கும் கடைக்காரருக்கு அனுமதி கொடுக்கும்போதே அதை நிபந்தனையாக எழுதலாம். பருவகாலத்தில் வரும் ஒவ்வொரு வாகனத்திடமும் ஒரு சிறு சுகாதாரக் கட்டணம் வாங்கி, அதை மஸ்கெலியாப் பிரதேச சபைக்கே நேராகக் கொடுத்தால், மலசலகூடங்களையும் குப்பை அள்ளும் உழவு இயந்திரங்களையும் ஊழியர்களையும் சபை கூட்டலாம். ஆயத்தக் கூட்டத்தில் மஸ்கெலியா, நோர்வூட் சபை உறுப்பினர்களோடு லயத்துப் பெண்கள் சங்கங்களுக்கும் நாற்காலி போட வேண்டும். இவற்றில் எதற்கும் நாடாளுமன்றம் கூடத் தேவையில்லை. அடுத்த உந்துவப் போயாவுக்கு முந்திய கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்தால், அந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.